காமாவில் வைத்த ஸ்பினெல் வில்லை பழுப்பாகிவிட்டது. நுண்குறுணை தாங்கும் என்றார்களே?

#1 கயல்

எல்லோருக்கும் வணக்கம். எம்.டெக். கடைசி ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட் ஒளி ஊடுருவும் ஸ்பினெல் செராமிக், அதாவது மெக்னீசியம் அலுமினேட். எங்கள் கல்லூரியில் எஸ்பிஎஸ் எந்திரம் (தூளை அழுத்திக்கொண்டே மின்சாரத்தால் வேகமாகச் சுடுவது) கிடையாது. வெளியூர் ஆய்வகம் ஒன்றில் கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு நாள் வாங்கினோம். அன்று ஓடி ஓடி ஐந்து வில்லைகள் செய்தோம். விட்டம் 20 மி.மீ., தடிமன் 2 மி.மீ. கிராஃபைட் அச்சு, 80 மெகாபாஸ்கல் அழுத்தம், நிமிடத்துக்கு 100 டிகிரி வேகத்தில் ஏற்றி 1300 டிகிரியில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். எஸ்இஎம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் கிரெய்ன், அதாவது செராமிக்குக்குள் இருக்கும் ஒவ்வொரு குட்டிப் படிகமும், 300 முதல் 400 நானோமீட்டர்.

பாலிஷ் போட்டுச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தெல்லாம் படிக்க முடிந்தது. லேசான சாம்பல் நிறம் மட்டும் இருந்தது, புகை பிடித்த லாந்தர் கண்ணாடி மாதிரி. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் இரண்டு வில்லைகளைக் கோபால்ட்-60 காமா சேம்பரில் 50 கிலோகிரே (உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வரை வைத்தோம். எடுத்துப் பார்த்தால் டிகாக்‌ஷன் நிறம்!

கிரெய்ன் சிறியதாக இருந்தால் கதிரியக்கப் பழுதை கிரெய்ன்களுக்கு இடையிலான எல்லைகளே விழுங்கிவிடும் என்று கைடு சொன்னார். நான் படித்த கட்டுரைகளிலும் அப்படித்தான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? ரிவ்யூவுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

#2 துளையில்லான்

கயல், மற்றதெல்லாம் அப்புறம். வில்லையைத் தாளிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து மறுபடி படித்துப் பாருங்கள்.

தாளோடு ஒட்டி வைத்தால் எண்ணெய்த் தாள்கூட எழுத்தைக் காட்டும். பஜ்ஜி மடித்த பேப்பரில் பின்பக்க எழுத்து தெரிகிறதே, அதே கதைதான். எழுத்து ஒட்டிக்கொண்டு இருக்கும்போது, சிதறும் ஒளி அதிக தூரம் விலகுவதற்கு இடமில்லை. தூக்கினால்தான் குட்டு வெளிப்படும். கல்லூரி லோகோ மேல் வில்லையை வைத்து எடுத்த படத்தை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று, நான் கிரெய்னைக் குறுணை என்றுதான் எழுதுவேன். உடைந்த அரிசிக்கு நம் வீட்டில் சொல்லும் சொல்தான். அதற்கு முன்னால் நுண் சேர்த்தாலும் நாக்கு சுளுக்காது.

#3 கயல்

தூக்கிப் பார்த்தேன் அண்ணா. தலைப்பு தெரிகிறது. கீழே இருக்கும் சின்ன எழுத்து கரைந்துபோகிறது.

லோகோ படத்தை ஏற்கெனவே ஸ்லைடில் போட்டுவிட்டேன் :(

#4 துளையில்லான்

சரி. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது இரண்டு தனித்தனி வியாதி. காமாவுக்கு முன்பே இருந்த சாம்பலும் மங்கலும் ஒன்று, காமாவுக்குப் பின் வந்த பழுப்பு இன்னொன்று. எனக்குத் தெரிந்தது முதல் வியாதி. இரண்டாவதை நெய்தல் வந்து சொல்லட்டும்.

ஸ்பினெலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.72. இரண்டு முகங்களிலும் எதிரொளித்துத் திரும்புவது போக, எந்தக் குறையும் இல்லாத வில்லை நேராகக் கடத்தும் ஒளி 87 சதவீதம். அதற்குக் கீழே குறைவதெல்லாம் நாம் செய்த பாவக் கணக்கு.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நுண்குறுணை என்றால் தெளிவு என்று நினைத்துவிடுகிறார்கள். அலுமினாவுக்கு அது உண்மை. அலுமினா படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒளியை வளைப்பதில்லை. ஒரு திசையில் 1.768, இன்னொன்றில் 1.760. ஒவ்வொரு குறுணையும் வெவ்வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால், ஒளி ஒவ்வொரு எல்லையைக் கடக்கும்போதும் கொஞ்சம் தடுமாறும். குறுணை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக, அரை மைக்ரானுக்கும் கீழே இருந்தால் தடுமாற்றம் அடங்கிவிடும். 2003ல் பிலிப்ஸைச் சேர்ந்த ஆபெட்ஸும் வான் புருக்கனும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அதே காலத்தில் டிரெஸ்டனில் கிரெல் குழுவினர் அப்படி ஒரு அலுமினாவைச் சுட்டும் காட்டினார்கள்.

ஸ்பினெல் கனசதுரப் படிகம். எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே எண். குறுணை 100 மைக்ரான் இருந்தாலும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆக, உங்கள் வில்லையின் குறுணை அளவு தெளிவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மங்கலுக்குக் காரணம் துளை. ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில் துளைகள் இருந்தால், கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், வில்லை பால் கலந்த தண்ணீர் ஆகிவிடும். என் பெயரை ஏன் இப்படி வைத்திருக்கிறேன் என்று நினைத்தீர்கள்?

அடுத்து அந்த 100 டிகிரி வேகம். எஸ்பிஎஸ் எந்திரத்தை விற்பவர்கள் வேகத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். ஸ்பினெல் அதற்கு மசியாது. ஜப்பானில் சுகுபாவில் உள்ள நிம்ஸ் என்ற பொருளறிவியல் ஆய்வு நிறுவனத்தின் மொரிதா குழு 2008ல் இதே 1300 டிகிரியில்தான் தெளிவான ஸ்பினெல் செய்தது, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில். வேகமாக ஏற்றினால் துளைகள் வெளியேறும் முன் வாய் மூடிக்கொள்கின்றன. கிராஃபைட் அச்சிலிருந்து வரும் கார்பனும் உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்தச் சாம்பல் அதுதான்.

#5 விருத்தாசலம் சூளை

நான் கோப்பையும் பொம்மையும் சுடுகிற ஆள். இந்த நானோ எல்லாம் தெரியாது. ஆனால் கடைசியில் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும்.

களிமண்ணில் கரிச்சத்து இருக்கும். சூளையை அவசரமாக ஏற்றினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே கரி எரிய காற்று போகாது. வெளியே அழகாக இருக்கும், உடைத்துப் பார்த்தால் நடுவில் கருப்பு. மேலே ஏற்றிச் சுட்டால் அந்த இடம் பணியாரம் மாதிரி உப்பவும் செய்யும். அதற்காகத்தான் நடுச்சூட்டில் நின்று நிதானமாக ஏற்றுவோம். அவசரப்பட்டு ஒரு முழுச் சூளையை நான் பாழாக்கியிருக்கிறேன். என் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் உடைந்த ஓட்டை எல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தார். அது இன்னும் ஞாபகம் இருக்கு.

தங்கச்சி, அச்சுக்குள் தூளை எப்படிப் போட்டீர்கள்? அப்படியே கொட்டியா?

#6 கயல்

ஆமாம் அண்ணா, வாங்கிய தூளை அப்படியே கொட்டி, தட்டி, மூடினோம்.

#7 விருத்தாசலம் சூளை

அதுவும் தப்பு என்றுதான் தோன்றுகிறது. காய்ந்த தூள் கட்டி கட்டியாகத்தான் இருக்கும். நாங்கள் கூழாக அரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது கட்டி இல்லாமல் இருக்கத்தான். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்து, எவ்வளவு சுட்டாலும் போகாது.

#8 துளையில்லான்

மேலே அண்ணன் சொன்னதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். ஒளி ஊடுருவும் செராமிக்கில் பாதி வேலை சூடு ஏறும் முன்பே முடிந்துவிடும். தூளைத் தண்ணீரில் சிதறடித்து, அலுமினா உருண்டை போட்டு ஆட்டுங்கள். சிர்கோனியா உருண்டை வேண்டாம், தேய்ந்து கலக்கும். பிறகு கூழாக வார்க்கலாம், அல்லது உலர்த்திச் சலித்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும் குளிர் அழுத்தியில் 200 மெகாபாஸ்கலுக்கு மேல் கொடுக்கலாம். ஹைதராபாத் ஏஆர்சிஐ ஆய்வகத்தில் வார்ப்பும் ஹிப் அழுத்தமும் (சூட்டில் வாயுவால் எல்லாப் பக்கமும் அழுத்துவது) சேர்த்து ஸ்பினெல் செய்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள்.

#9 புதுசு_21

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது கதிர்வீச்சைத் தாங்கும் என்றால் எக்ஸ்ரே அறையில் இருக்கும் கண்ணாடிக்குப் பதிலாக இதைப் போடலாமா? ஆஸ்பத்திரிக்கெல்லாம் நல்லதுதானே?

#10 ஹாட்செல் தாத்தா

தம்பி, தடுப்பது வேறு, தாங்குவது வேறு. எக்ஸ்ரே அறைக் கண்ணாடியின் வேலை தடுப்பது. அதற்குக் கனமான அணு வேண்டும், அதனால் ஈயம் கலந்த கண்ணாடி. ஸ்பினெலில் இருப்பது மெக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன், எல்லாம் இலேசான சரக்கு. ஒரு கன சென்டிமீட்டர் 3.6 கிராமுக்குக் கொஞ்சம் கீழேதான். கதிர் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகப் போக இது உருக்குலையாமல் நிற்கிறதா என்பதுதான் இங்கே பேச்சு.

நான் வேலை பார்த்தது ஹாட் செல்லில். உள்ளே கதிரியக்கம் மிகுந்த எரிபொருள் இருக்கும். நாங்கள் வெளியே நின்று மானிப்புலேட்டர் கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தடிமனான ஜன்னல் வழியே பார்ப்போம். பல பாளங்களை அடுக்கி நடுவில் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். பார்த்தால் எல்லாம் மஞ்சளாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். பொருள் இருக்கிற இடத்தைவிடக் கிட்டே தெரியும். புதிதாக வருகிற பையன்கள் முதல் வாரம் எதைப் பிடிக்கப் போனாலும் எட்டாமல் காற்றைத்தான் பிடிப்பார்கள்.

அந்த ஜன்னலிலேயே கயலின் பிரச்சினைக்கு ஒரு பாடம் இருக்கிறது. கதிர் படும் பக்கத்தில் இருக்கும் பாளத்தில் சீரியம் கலந்திருப்பார்கள். சாதாரணக் கண்ணாடி காமாவில் பழுத்துக் கருத்துவிடும். சீரியம் அயனி இரண்டு வேடம் போடும், மூன்று மின்னூட்டம், நான்கு மின்னூட்டம். அலையும் எலெக்ட்ரானை ஒன்று பிடித்துக்கொள்ளும், அதன் வெற்றிடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நிறம் கொடுக்கிற இடத்தில் போய் அவை உட்காராது. அதற்குக் கூலியாகக் கொஞ்சம் மஞ்சள். செயற்கைக்கோள் சோலார் செல்லின் மேல்மூடிக் கண்ணாடியிலும் இதே சீரியம்தான். உள்ளே வைத்த சாதாரண கேமராவின் லென்ஸ் பழுக்க எத்தனை நாள் ஆகும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

#11 புதுசு_21

புரிந்தது தாத்தா, நன்றி. பந்தயத்தில் யார் ஜெயித்தது?

#12 ஹாட்செல் தாத்தா

லென்ஸ்தான் தோற்றது.

#13 நெய்தல்

தாமதத்துக்கு மன்னிக்கவும். என் வேலை கணினியில் அணுக்களை உதைத்துவிட்டு அவை எங்கே போகின்றன என்று பார்ப்பது. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கயல், நீங்கள் தந்தது காமா. கோபால்ட்-60லிருந்து வரும் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கதிர்கள். அவை எலெக்ட்ரான்களை உதைத்துத் தள்ளும். அணுவை அதன் இடத்திலிருந்து கிளப்புவது மிக மிக அரிது. ஆனால் நீங்கள் படித்த நுண்குறுணைக் கட்டுரைகளெல்லாம் நியூட்ரான் அல்லது கனத்த அயனி பற்றியவை. அங்கே அணுவே இடம் பெயர்கிறது. டிபிஏ என்ற அளவு அதற்குத்தான்: ஒவ்வொரு அணுவும் சராசரியாக எத்தனை முறை கிளப்பப்பட்டது என்று. உங்கள் 50 கிலோகிரேயில் டிபிஏ பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வந்தது? உங்கள் வில்லைக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் காணாமல் போன இடங்கள் இருந்தன. வெற்றிடத்தில், கிராஃபைட்டுக்கு நடுவில், 1300 டிகிரியில் சுட்டால் ஆக்சிஜன் கொஞ்சம் கழன்றுதான் போகும். உலோக அயனிகளிலும் காலியான இடங்கள், இடம் மாறி உட்கார்ந்தவை உண்டு. காமா கிளப்பிய எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் பள்ளங்களில் விழுந்து எஃப் மையங்கள் ஆகின்றன. ஸ்பினெலில் அவை ஏறத்தாழ 234, 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். அது புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடங்கள் உலோகப் பள்ளங்களின் பக்கத்தில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றின் உறிஞ்சல் நீல ஒளிவரை வால் நீட்டும். நீலம் போனால் மிச்சம் பழுப்பு. தூளில் இரும்பு கலப்படம் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

காமா புதிதாகப் பள்ளம் தோண்டவில்லை, இருந்த பள்ளத்தில் தண்ணீர் ரொப்பியது. பள்ளம் தோண்டியது உங்கள் எஸ்பிஎஸ் ஓட்டம். குறுணை எல்லை இதில் என்ன செய்யும் பாவம்?

வேடிக்கை என்ன தெரியுமா? இதையே வேண்டுமென்று செய்து விற்கிறார்கள். கார்பன் சூழலில் வளர்த்து ஆக்சிஜன் பள்ளம் நிறைய வைத்த அலுமினா, கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ்களில் இருக்கிறது. நம் நாட்டு டிஎல்டி பேட்ஜில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட். சிக்கிய மின்னூட்டத்தைச் சூடாலோ ஒளியாலோ கிளப்பி, வரும் வெளிச்சத்தை எண்ணுவார்கள். நீங்கள் ஜன்னல் செய்யப் போய் டோசிமீட்டர் செய்துவிட்டீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பழுத்த வில்லை ஒன்றைக் காற்றில் 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். காமா கொடுத்த நிறம் பெரும்பாலும் கழன்றுவிடும். கார்பன் சாம்பல் அப்படியே நிற்கும். முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 200 நானோமீட்டரிலிருந்து எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரையுங்கள். கழித்த கோடுதான் உங்கள் ஆய்வுரையின் நல்ல படமாக இருக்கும். லோகோ படத்தைத் தூக்கிவிடலாம்.

#14 கயல்

அக்கா, இதை யாரும் இப்படிச் சொல்லவே இல்லை. அப்படியானால் நுண்குறுணை பற்றிய முழு அத்தியாயமும் வீணா? முப்பது பக்கம் எழுதிவிட்டேன்.

#15 நெய்தல்

வீண் இல்லை, கேள்வியை மாற்றி எழுத வேண்டும். எதைத் தாங்கும் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

நியூட்ரான் விஷயத்தில் ஸ்பினெல் நிஜமாகவே சமர்த்து. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகக் குழு மூன்று ஆக்ஸைடுகளை ஒரு வேக அணுஉலையில் வைத்துப் பார்த்தது. மெக்னீசியாவும் அலுமினாவும் வீங்கின. ஸ்பினெல் ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது. காரணம் அதன் வீட்டமைப்பு. ஒரு அலகுக் கூட்டில் 32 ஆக்சிஜன். அவற்றுக்கு நடுவில் உலோகம் உட்காரக்கூடிய இடம் 96. அதில் நிரம்பியிருப்பது 24தான். 72 காலி. பந்தியில் உட்கார்ந்தவரை யாராவது எழுப்பிவிட்டால், நிரம்பிய பந்தியில் அவர் நின்றுகொண்டே தவிப்பார். இங்கே பக்கத்திலேயே காலி இலை. மெக்னீசியமும் அலுமினியமும் ஒன்றின் இலையில் மற்றொன்று உட்கார்ந்தாலும் பந்தி கலையாது. கிளம்பிய அணுவும் காலியான இடமும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துவிடுகின்றன. பழுது கூட்டம் சேர்ந்து பெரிய ஓட்டையாவது அபூர்வம்.

இதற்கு மேல்தான் குறுணை வருகிறது. சேராமல் மிஞ்சிய அணுக்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். குறுணை எல்லை வரை போனால் அங்கே மறைந்துவிடும். கதிர்பட்ட செராமிக்கை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லையின் இரு பக்கமும் பழுதில்லாத சுத்தமான பட்டை தெரியும். குறுணை அந்தப் பட்டையின் அகலத்துக்கே சுருங்கிவிட்டால், குறுணை முழுக்கவே சுத்தம். 2010ல் லாஸ் அலமாஸ் குழு தாமிரத்தை வைத்துச் செய்த கணினி ஆய்வில் இன்னொரு விஷயம் வந்தது: எல்லைக்குள் போன அணுக்கள் சமயம் பார்த்துத் திரும்ப வெளியே வந்து அருகிலுள்ள காலியிடங்களை அடைக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

தேவை எங்கே என்றால் அணுக்கரு இணைவு உலைகளில். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் மாதிரி உலையில், உள்ளே எரியும் பிளாஸ்மாவை ஒளியால் பார்க்க ஜன்னல் வேண்டும். அங்கே 14.1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரானும் காமாவும் சேர்ந்தே அடிக்கும். இப்போதைக்கு உருகு சிலிக்கா, நீலக்கல், வைரம் என்று இடத்துக்கு ஏற்ற மாதிரி போகிறார்கள். ஸ்பினெலையும் வரிசையில் வைத்திருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன காலி இலைகள்.

#16 துளையில்லான்

நெய்தல் சொன்னதில் பாதிக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன்.

குறுணையைச் சுருக்கச் சுருக்க நன்மைதான் என்று கோடு போட முடியாது. பருமனான சிர்கோனியா கதிர்வீச்சில் படிகத்தன்மையை இழக்காது என்று பெயர் பெற்றது. 2002ல் மெல்ட்ரம், போட்னர், யூயிங் மூவரும் சில நானோமீட்டர் சிர்கோனியாத் துகள்களை அயனியால் அடித்தபோது அவை படிகம் குலைந்து போயின. எல்லையை உருவாக்கவும் ஆற்றல் செலவாகிறது. துகள் மிகவும் சிறுத்தால் அந்த ஆற்றலே அதைக் குலைவின் விளிம்புக்குத் தள்ளிவிடும். எல்லை குப்பைத் தொட்டி என்கிறீர்கள் சரி, தொட்டியே வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால்?

சூட்டில் குறுணை வளர்வதும் இருக்கிறது. உலைச் சூட்டிலும் கதிரிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் 30 நானோமீட்டர் குறுணை 30ஆகவே இருக்குமா?

#17 நெய்தல்

சிர்கோனியா முடிவை மறுக்கவில்லை. ஆனால் 2007ல் ஸ்பினெல் குடும்பத்தைச் சேர்ந்த மெக்னீசியம் காலேட்டில் எதிர்த்திசை முடிவு வந்தது. நானோ குறுணை கொண்டது படிகமாகவே நின்றது, பெரிய குறுணை கொண்டது குலைந்தது. பொருளுக்குப் பொருள் மாறும் என்பது வரை ஒத்துக்கொள்கிறேன். 300 நானோமீட்டர் இரண்டு பயத்துக்கும் தூரம். கயலின் வில்லைக்கு அந்தச் சண்டை பொருந்தாது.

காமா நிறத்தில் நானோ பாதகமாகவே முடியலாம். எல்லை என்பது ஒழுங்கு குலைந்த இடம், பள்ளங்கள் அங்கேதான் அதிகம்.

#18 அரைமணி ஹாட்பிரஸ்

எவ்வளவு நீட்டி முழக்குகிறீர்கள்! ஒரு சதவீதம் லித்தியம் ஃப்ளூரைடு கலந்து ஹாட் பிரஸ்ஸில் போடுங்கள், கண்ணாடி மாதிரி வரும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் பெரிய பெரிய ஜன்னலே அப்படித்தான் செய்தது. 848 டிகிரியில் அது உருகி, துகள்களை வழுக்கி நகர வைக்கும், கார்பனையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், பிறகு ஆவியாகிவிடும்.

#19 நெய்தல்

ஆவியாவது பெரும்பகுதி. மிச்சம் எங்கே தங்கும்? குறுணை எல்லையில். இயற்கை லித்தியத்தில் ஏழரை சதவீதம் லித்தியம்-6. மெதுவான நியூட்ரானை அது 940 பார்ன் குறுக்குப்பரப்போடு (இந்த எண் கூடினால் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்) பிடித்து ஹீலியமாகவும் டிரிட்டியமாகவும் உடைகிறது. இரண்டும் வாயு. பழுதை விழுங்கட்டும் என்று நாம் நம்பியிருக்கும் அதே எல்லையில் வாயு ஊறும். போரான் ஆக்ஸைடு கலப்பவர்களுக்கும் இதே கதை, போரான்-10 இன்னும் பேராசைக்காரன், 3840 பார்ன்.

ஏவுகணை மூக்குக்கு ஜன்னல் செய்பவர்களின் செய்முறையை அப்படியே உலைக்குக் கொண்டுவரக் கூடாது.

#20 அரைமணி ஹாட்பிரஸ்

மிச்சம் பத்து லட்சத்தில் சில பங்குதான் இருக்கும். அதற்குப் போய் இவ்வளவா?

#21 துளையில்லான்

அளந்த எண் கையில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் "சில பங்கு" என்பது ஆறுதல் வார்த்தை. என் ஆட்சேபம் வேறு. லித்தியம் ஃப்ளூரைடு போட்டால் குறுணை மளமளவென்று வளர்ந்து பல பத்து மைக்ரானைத் தாண்டிவிடும். தெளிவு கிடைக்கும், ஆனால் தலைப்பில் இருக்கும் நுண்குறுணை போயே போச்சு.

கலப்பில்லாமல் நுண்மையைக் காப்பாற்ற இரண்டே வழிதான் எனக்குத் தெரியும். ஒன்று, கூழ் வார்ப்பு, பிறகு சாதாரண உலையில் காற்றில் சுட்டு, துளைகள் வெளியோடு தொடர்பு அறுந்ததும் நிறுத்தி, ஹிப்பில் ஆர்கான் வாயுவால் 150 முதல் 200 மெகாபாஸ்கல் அழுத்தி நசுக்குவது. இன்னொன்று முரட்டு வழி. 2014ல் அந்தக் கடற்படை ஆய்வகமே 2 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் 28 நானோமீட்டர் குறுணை கொண்ட ஸ்பினெல் செய்தது, கடினத்தன்மை முன்பைவிட ஒன்றரை மடங்கு ஆனது. அந்த எந்திரம் கல்லூரிகளில் கிடைக்காது.

#22 மட்டுறுத்துநர்

அரைமணி, துளையில்லான் இருவரும் தனிமடலில் போட்டுக்கொண்ட சண்டை என் பெட்டிக்கும் வருகிறது. இழையில் கயல் என்ன ஆனார் என்று யாருக்காவது தெரியுமா?

#23 கயல்

இருக்கிறேன். ஒன்பது நாளாக ஆய்வகத்திலேயே கிடக்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

450 டிகிரி சோதனை: நெய்தல் அக்கா சொன்னதுதான். பழுப்பு முக்கால்வாசி போய்விட்டது. சாம்பல் கொஞ்சமும் அசையவில்லை. கழித்த கோட்டில் 260 பக்கம் தெளிவான மேடு, 400 வரை நீளும் வால். கைடு அந்தப் படத்தை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது விபத்து. சாம்பலை எரித்துவிடலாம் என்று ஆய்வகத் தோழி இன்னொரு வில்லையை 1100 டிகிரியில் காற்றில் விட்டுவிட்டாள். காலையில் திறந்தால் தயிர் வில்லை. எழுத்து என்ன, விளக்கே தெரியவில்லை.

மூன்றாவது, மறுபடி கெஞ்சி அரை நாள் எஸ்பிஎஸ் கிடைத்தது. இந்த முறை தூளை ஆட்டி, உலர்த்தி, குளிர் அழுத்தியில் வில்லையாக்கிக் கொண்டுபோனோம். 1000 டிகிரிக்கு மேல் நிமிடத்துக்கு 10 டிகிரி, 1300ல் இருபது நிமிடம். ஒரே ஓட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. 550 நானோமீட்டரில் நேர்க்கடத்தல் முன்பு 11 சதவீதம், இப்போது 38. விரற்கடை தூக்கினால் வரி விளம்பரம் படிக்க முடிகிறது.

#24 துளையில்லான்

38க்கு வாழ்த்துகள். 87 இன்னும் தூரம், ஆனால் முதல் நிதான ஓட்டத்துக்கு இது நல்ல எண்.

தயிர் ஆனதற்குக் காரணம் சூளை அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார், பணியாரம். உள்ளே மாட்டிய கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிறது. வெளியே போக வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத துளையெல்லாம் உப்பி ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு வந்துவிட்டன.

#25 நெய்தல்

கயல், அடுத்த காமா ஓட்டத்தில் இந்தப் புது வில்லையோடு பெரிய குறுணை வில்லை ஒன்று, கடையில் விற்கும் ஸ்பினெல் ஒற்றைப் படிகம் ஒன்று, மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஒற்றைப் படிகத்துக்கு எல்லையே கிடையாது. அதுவும் பழுத்தால், எத்தனை பழுத்தது என்பதே உங்கள் அளவுகோல்.

இடப்பெயர்ச்சிப் பழுதைப் பார்க்க அயனிக் கற்றை வேண்டும். டெல்லி ஐயுஏசி முடுக்கி ஆய்வு மையத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்றை நேரம் தருகிறார்கள். ஒரே எச்சரிக்கை: பெரிய பெல்லெட்ரான் முடுக்கியில் 100 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கனத்த அயனி கேட்டுவிடாதீர்கள். அந்த வேகத்தில் அயனி பெரும்பாலும் எலெக்ட்ரான்களிடம்தான் ஆற்றலைக் கொட்டும், அது வேறு வகைப் பழுது. குறைந்த ஆற்றல் கற்றை கேளுங்கள். பழுது மேற்பரப்புக்குக் கீழே ஒரு மைக்ரானுக்குள்தான் இருக்கும், அதனால் எக்ஸ்ரே அளவை விளிம்புச் சாய்வில், அதாவது கதிர் மேற்பரப்பை உரசிப் போகும் கோணத்தில், எடுக்க வேண்டும்.

#26 ஹாட்செல் தாத்தா

பழுத்த வில்லைகளை வெயிலில் வைக்காதே அம்மா. ஒளியிலும் கொஞ்சம் வெளுக்கும். கருப்புத் தாளில் சுற்றி, எடுத்த தேதியும் நேரமும் எழுதி வை. அறைச் சூட்டிலேயே நாளாக ஆக நிறம் இறங்கும். எத்தனை நாள் கழித்து அளந்தாய் என்று பரீட்சைக்கு வருபவர் கேட்பார்.

#27 கயல்

ஐயோ தாத்தா, முதல் இரண்டும் ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தன. சரி, அதையும் எழுதிவிடுகிறேன். கற்றை நேரத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, கைடு கையெழுத்துக்காக மேசையில் இருக்கிறது.

#28 விருத்தாசலம் சூளை

தங்கச்சி, அந்தத் தயிர் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? எனக்கு அனுப்பேன். உடைத்து நடுவில் பார்க்கணும்.

#29 கயல்

பாதி உங்களுக்கு, பாதி எஸ்இஎம்முக்கு. நாளை கூரியரில் போடுகிறேன் அண்ணா.